சபரிமலை யாத்திரை: ‘ஐயப்பன் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடக் கூடாதவை

மாலை அணிந்த நாள் முதல் பதினெட்டாம்படி ஏறும் வரை ஐயப்ப பக்தர்கள் சரணத்தோடு சரணமாகக் கேட்கும் வரம் ஒன்று உண்டு: ‘தேகபலம் தா, பாதபலம் தா’. உடலுக்கும் காலுக்கும் வலிமை வேண்டும் என்று ஊரறியக் கேட்டுவிட்டு, அந்த வலிமை வந்து சேரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக நாமே அடைத்துக்கொள்வதை கார்த்திகையில் தொடங்கும் ஒவ்வொரு மண்டல காலத்திலும் பார்க்க முடிகிறது. விரதம், குழுவை வழிநடத்தும் குருசாமியின் சொல், மலைப்பாதையில் விழித்திருக்கும் மருத்துவர், ‘கொஞ்சம் உட்காருங்க சாமி’ என்று தோளைத் தொட்டுச் சொல்லும் தொண்டர் ஆகியவற்றின் வழியாகத்தான் ஐயப்பனின் துணை பெரும்பாலும் வருகிறது என்பது என் எண்ணம். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கடைசி நேரத்தில் அற்புதம் நடக்கும் என்று காத்திருப்பது பக்தியில் சேராது.

முதல் தவறு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பதுதான் மரபு. அதிகாலைக் குளியல், எளிய சைவ உணவு, புகையும் மதுவும் இல்லாத நாட்கள், வெறுங்கால் நடை, தரையில் பாய் விரித்துத் தூக்கம் என்று அந்த ஆறு வாரங்களும் மனத்தை மட்டுமல்லாமல் உடலையும் மலைக்குத் தயார் செய்கின்றன. ஆண்டு முழுவதும் நாற்காலியிலும் இரு சக்கர வண்டியிலும் கழித்தவரின் உள்ளங்கால் கல்லையும் சூட்டையும் பழகிக்கொள்ள இத்தனை நாட்கள் தேவைப்படுகின்றன. இப்போது பலர் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு மாலை போட்டு, வேனில் ஏறி, பம்பையில் இறங்கியதும் நேராக நீலிமலையின் செங்குத்தான ஏற்றத்துக்கு வந்து நிற்கிறார்கள். பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி ஏற்றம், தலையில் இருமுடி, காலில் செருப்பு இல்லை. அலுவலகம் விடுப்புத் தராது, குடும்பச் சூழல் இடம் கொடுக்காது என்ற காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவையே. குறுகிய விரதம்தான் முடியும் என்றால், மாலை போடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடந்து பழகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பஜனைக்குப் போகிறவர்கள் வண்டியை எடுக்காமல் நடந்து போகத் தொடங்கினால் அதுவே பாதி ஆயத்தம்.

அடுத்தது, மிகவும் ஆபத்தானது: விரத காலத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவகை. மாலை போட்டிருக்கும்போது மருந்து சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள் என்பார் ஒருவர். கேப்சூலின் மேலுறை விலங்குப் பொருளால் ஆனது என்று தயங்குவார் இன்னொருவர். சுத்தமான சாப்பாடு, காலைக் குளியல், மன அமைதி எல்லாம் இருப்பதால் ரத்த அழுத்தம் தானாகவே இறங்கிவிடும் என்று தாமாகவே முடிவு செய்துகொள்பவர்களும் உண்டு. விரதத்தால் நன்மை விளையலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் பழைய நிலைக்கும் அதற்கு மேலும் போகக்கூடும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சில நாள் விட்டாலே அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

சர்க்கரை நோயாளிகளின் சிக்கல் இதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறது. வழக்கமான அளவு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, உணவை மட்டும் ஒருவேளையாகக் குறைத்து, அதன்மேல் மலையும் ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், சில நேரம் தம்மை மறந்து உளறவும் செய்வார்கள். சரண கோஷத்துக்கு நடுவே இப்படி ஒருவர் தள்ளாடினால் சுற்றியிருப்பவர்கள் அதை அருள் வந்ததாக எடுத்துக்கொண்டு விபூதி பூசிக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு அப்போது தேவைப்படுவது ஒரு பிடி சர்க்கரையோ வெல்லமோதான். நினைவு தப்பியவர் வாயில் எதையும் திணிக்காமல் உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

ஆகவே மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, எத்தனை வேளை சாப்பிடப் போகிறேன், எந்த நாளில் மலை ஏறப் போகிறேன் என்பதைச் சொல்லி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கேப்சூல் வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லலாம். மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று அவர் பார்த்துச் சொல்வார். மருந்துகளையும் சீட்டையும் தோள்பையில்தான் வைக்க வேண்டும். கட்டிய இருமுடியை வழியில் பிரிக்க மாட்டார்கள் என்பதை மறந்து, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதற்குள் வைத்துவிட்டால் அவசரத்தில் கைக்கு வராது. மலையாளம் தெரியாத பக்தருக்காக அங்கே அந்தச் சீட்டுதான் பேசும்.

இனி ஏற்றத்துக்கு வருவோம். பம்பையில் குளித்து, கணபதியை வணங்கி, கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறத் தொடங்குவது பலருடைய வழக்கம். அப்பாச்சிமேட்டுக்கு வரும்போது மூச்சு வாங்கும். அங்கே பார்க்கக்கூடிய காட்சி இது: ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஒரு கையால் இருமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெஞ்சை நீவிவிட்டபடி, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நிற்பார். முகம் வெளிறி, குளிரிலும் வியர்த்திருக்கும். ‘வாயுவா இருக்கும் சாமி, ஒரு சோடா குடிங்க’ என்பார் பக்கத்தில் இருப்பவர். உடன் வந்தவர்கள் ‘ஏத்தி விடப்பா, தூக்கி விடப்பா’ என்று குரலை உயர்த்தி, ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்து அவரை மேலே இழுத்துச் செல்வார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் நெஞ்சடைப்புத் தொடங்கிய ஒருவருக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு படியும் ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவிக்கும் இதயத்துக்குக் கூடுதல் சுமை.

செய்ய வேண்டியது எளிமையானது. இருமுடியை வேறொரு சாமி வாங்கிக்கொள்ள வேண்டும். அவரை அங்கேயே உட்கார வைத்து, நடக்கவிடாமல், ஒருவர் ஓடிப்போய் அருகிலுள்ள மருத்துவ மையத்திலோ காவலரிடமோ சொல்ல வேண்டும். பம்பை, நீலிமலை, அப்பாச்சிமேடு, சன்னிதானம் ஆகிய இடங்களில் இதய சிகிச்சை வசதிகளும், பாதை நெடுக அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் வசதியும் யாத்திரைக் காலத்தில் கேரள சுகாதாரத் துறையால் நடத்தப்படுகின்றன. ஐயப்பா சேவா சங்கத் தொண்டர்கள் ஸ்டிரெச்சரோடு நிற்கிறார்கள். ஆளை மேலே தூக்கிவிடச் சொல்லிக் கேட்ட பிரார்த்தனைக்கு அந்த ஸ்டிரெச்சரையே பதிலாக ஏற்றுக்கொள்ள நமக்குத் தயக்கம் ஏன் வர வேண்டும்?

இதய நோய், ஆஸ்துமா, மூட்டு வலி உள்ளவர்கள் நீலிமலைப் பாதையைத் தவிர்த்து, ஏற்றம் குறைவான சுவாமி ஐயப்பன் சாலையில் செல்வதைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கலாம். டோலியில் ஏறுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சுமப்பவரையும் சுமக்கப்படுபவரையும் ஒரே வார்த்தையில் சாமி என்று அழைக்கும் மலையில் கௌரவம் பார்ப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. குழுவாகப் போகிறவர்கள் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாக வைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு ஆண்டு மலைக்குப் போய்த் தென்னங்கன்று சுமந்த குருசாமிக்குப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரிந்திருக்கும்; முதல்முறை மலைக்கு வரும் கன்னிசாமியின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. குடிப்பதற்குச் சுக்கு, ராமச்சம் எனப்படும் வெட்டிவேர், பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த நீரை வழியெங்கும் இலவசமாகத் தருகிறார்கள். அதை விட்டுவிட்டு ஓடை நீரைக் குடிக்க வேண்டியதில்லை. பம்பையில் முங்கும்போது மூக்குக்குள் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். அமீபா மூளைக் காய்ச்சல் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பல உயிர்களை வாங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. மாலை போட்டுவிட்டால் எப்படியும் ஏறியே தீர வேண்டும், பாதியில் திரும்பினால் சாமி குத்தம் என்பதே அந்த அச்சம். வலியை மறைப்பவர்களில் பலர் இதற்காகத்தான் மறைக்கிறார்கள். ஆனால் மரபு அப்படிக் கடுமையாக இல்லை. மாலை போட்டபின் நெருங்கிய உறவில் இறப்பு நேர்ந்தால் மாலையைக் கழற்றிவிட்டு, இன்னோர் ஆண்டு போகச் சொல்லுவது அதே மரபுதான். அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. நோய் என்ற காரணம் மட்டும் எப்படிக் குற்றமாகும்? மண்டல, மகரவிளக்குக் காலங்களைத் தவிர ஒவ்வொரு மலையாள மாதப் பிறப்பிலும் ஐந்து நாட்கள் நடை திறந்திருக்கிறது. கூட்டமும் அப்போது குறைவு. ஏற முடியாமல் பம்பையில் தங்கிவிட்டவரின் நெய்த்தேங்காயைக் கொண்டுபோய் அபிஷேகம் செய்து, பிரசாத நெய்யைக் கொண்டுவந்து தர உடன் வந்தவர்களில் ஒருவர்கூட மறுக்க மாட்டார். கைக்குழந்தையையும் தள்ளாத தாயையும் வேண்டுதலுக்காக நெரிசல் நாட்களில் அழைத்துச் செல்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: வேண்டுதல் உங்களுடையது, மூச்சு வாங்கப்போவது அவர்கள்.

கூட்டத்தைப் பற்றிய அலட்சியமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இணையவழி முன்பதிவு இல்லாமல், ‘சாமி எப்படியும் உள்ளே விட்டுவிடுவார்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். பதினெட்டாம்படியில் காவலர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாலும் ஒரு நிமிடத்தில் ஏறக்கூடியவர்கள் சுமார் 80 பேர்தான். படியின் அகலம் அவ்வளவுதான். அதற்கு மேல் வருகிறவர்கள் அனைவரும் பின்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். மதியம் நடை சாத்துவதற்குள், அல்லது இரவு நடை சாத்தும்போது பாடும் ஹரிவராசனத்துக்குள் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக ஏறுவதால் நெஞ்சுக்கும் கேடு, முன்னால் போகிறவர்களுக்கும் ஆபத்து.

எதிர்மலையில் விளக்கு தெரியும் மகரவிளக்கு நாளில் இந்த அவசரம் உச்சத்தைத் தொடுகிறது. 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் மண்சரிவிலும் நெரிசலிலும் சிக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011இல் அதே ஜனவரி 14 அன்று, விளக்கைப் பார்த்துவிட்டுப் புல்மேட்டு வழியாகத் திரும்பிய கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் பலர். அதற்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, பொன்னம்பலமேட்டில் தெரியும் விளக்கு மனிதர்களால் ஏற்றப்படுவதுதான் என்று கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு சொன்னது. மலைவாழ் மக்கள் அங்கே காட்டிவந்த தீபாராதனையின் தொடர்ச்சி அது. அந்தத் தீபத்தை வணங்குவதில் குறை எதுவும் இல்லை. தானாகத் தோன்றும் சோதி என்று எண்ணிக்கொண்டு, அதைத் தவறவிட்டால் யாத்திரையே வீண் என்று மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் தொங்குவதுதான் குறை. பார்த்து முடித்த மறுநொடியே எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினால் ஒன்றும் குறைந்துபோகாது.

சில சிறிய செய்திகளையும் சொல்லிவிடலாம். உடுத்தியிருந்த துணியைப் பம்பையில் விட்டுவிட்டு வந்தால் பாவம் தொலையும் என்பதற்குச் சபரிமலை ஆசாரத்தில் இடமே இல்லை. நீதிமன்றமும் அதைத் தடை செய்திருக்கிறது. பிளாஸ்டிக் பொட்டலங்களை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். 2024இல் கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் ஆகியவற்றையும் தவிர்க்கும்படி கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியின் ஆலோசனையின் பேரில் தேவசம் போர்டு கேட்டுக்கொண்டது. அவை பூஜைக்குப் பயன்படாமல் குப்பையாகத்தான் சேர்கின்றன. சுற்றியுள்ள காடு பெரியார் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது என்பதால், எருமேலியிலிருந்து பெருவழியில் நடப்பவர்கள் வனத்துறை விதித்த நேரத்தைத் தாண்டிப் போகக் கூடாது. ‘ஐயப்பன் புலிமேல் வந்தவர், நம்மை ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு யானைக்குப் புரியாது. குழந்தைகளுக்குப் பம்பையில் காவலர்கள் கட்டிவிடும் தொலைபேசி எண் பட்டையைக் கட்டாயம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

தரிசனம் நல்லபடியாக முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். அதன்பின் நடக்கும் தவறு ஓட்டுநர் விஷயத்தில். பெரும்பாலும் அவரும் மாலை போட்டவர்தான். முந்தைய இரவு முழுவதும் வண்டி ஓட்டி, நிலக்கல்லில் நிறுத்திவிட்டு, குழுவோடு மலை ஏறி, சன்னிதானத்தில் நெய்யபிஷேகத்துக்காக அரைகுறைத் தூக்கத்தோடு காத்திருந்து, இறங்கி வந்ததும் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் இரவோடு இரவாக ஊர் போய்ச் சேரப் பார்க்கிறார்கள். மலைச்சாலையின் வளைவுகளில் கண் ஒரு கணம் சொக்கினால் போதும். இரண்டாவது ஓட்டுநர் ஒருவரை அழைத்துச் செல்வது, அது முடியாவிட்டால் நிலக்கல்லிலோ எருமேலியிலோ குமுளியிலோ ஐந்தாறு மணி நேரம் வண்டியை நிறுத்தி அவரைத் தூங்கவிடுவது என்று புறப்படுவதற்கு முன்பே குருசாமி முடிவு செய்து அறிவித்துவிட வேண்டும். வழியில் வைத்துப் பேசினால் அவசரக்காரர்களின் குரல்தான் மேலோங்கும்.