கிணற்றுத் தண்ணியைப் பார்த்துத் தொடங்குவோம்: கழுவல் சாமான்களை வீட்டிலேயே செய்யும் முறை

சட்டிபானை கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், ஷாம்பு, கேத்தில் துப்புரவாக்கும் பவுடர் என்று மாதாமாதம் கடையில் வாங்கும் பல சாமான்களுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்முறைகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே எடுத்து யாழ்ப்பாணத்தில் செய்தால் பாதி சரிவராது. குறை செய்முறையில் இல்லை, நம்முடைய தண்ணியில் இருக்கிறது. அதனால் முதலில் தண்ணியைப் பார்ப்போம், பிறகு அடுப்பைப் பற்றவைப்போம்.

முதல் படி: உங்கள் கிணற்றைச் சோதியுங்கள்

ஒரே அளவான இரண்டு வெற்றுப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணி, மற்றதில் பாதிக்கு மழைத்தண்ணி. இரண்டிலும் கட்டிச் சவர்க்காரத்தை ஒரே அளவாகச் சுரண்டிப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடரை இதற்குப் பாவிக்க வேண்டாம். அது எந்தத் தண்ணியிலும் ஓரளவு நுரைக்கும் விதமாகச் செய்யப்பட்டது.

மழைத்தண்ணிப் போத்தலில் நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நிற்கும். கிணற்றுத் தண்ணியில் நுரை கொஞ்சம் எழும்பி உடனே அடங்கிவிடும். தண்ணி பால்போலக் கலங்கி, மேலே வெள்ளைத் துகள்கள் மிதக்கும். அந்தத் துகள்கள்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சவர்க்காரம்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் நாம் அள்ளுகிறோம். சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் அந்தத் தண்ணியில் கல்சியம் நிறைய இருக்கும். கல்சியமும் சவர்க்காரமும் சந்தித்தால் தண்ணியில் கரையாத படிவு உண்டாகும். வாளியின் உள்விளிம்பில் ஒட்டும் வழுவழுப்பும், தோய்த்த வெள்ளை உடுப்பு சாம்பல் நிறமாவதும் இதனால்தான். தீவுப்பகுதிகளிலும் கரையோரத்திலும் தண்ணி உவராகவும் இருப்பதால் நுரைப்பது இன்னும் கஷ்டம்.

ஆகவே, கட்டிச் சவர்க்காரத்தைத் துருவிக் கரைத்துத் திரவம் செய்யும் முறைகளை விட்டுவிடுங்கள். நமக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று புளிப்பு: தேசிக்காய், பழப்புளி, வினாகிரி. மற்றது தாவரங்களில் இயற்கையாக இருக்கும் நுரைப்பொருளான சப்போனின். பூந்திக்கொட்டை, சீயாக்காய், பனம்பழம் மூன்றிலும் அது உண்டு. சவர்க்காரம் போல அது கல்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோவதில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்கிறேன். சுண்ணக்கல் முழுக்கப் பொந்தும் வெடிப்புமாக இருக்கும். சுண்ணக்கல்லில் இயற்கையாக உண்டான ஆழமான நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கிணற்றடியில் ஊற்றும் எதுவும் மண்ணில் நெடுநாள் தங்கி வடிந்து போவதில்லை, சீக்கிரமே கீழே இறங்கிவிடும். இன்று ஊற்றுவதை நாளை நாமோ பக்கத்து வீட்டுக்காரரோ குடிக்க வேண்டிவரலாம். நமக்கு வேறு தண்ணி இல்லை.

பூந்திக்கொட்டைத் திரவம்

முதலில் இதைச் செய்யுங்கள். சட்டிபானை, தரை, நகை, கை கழுவ எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் பூந்திக்கொட்டை கேட்டு வாங்கலாம்.

தேவையானவை: கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணி ஒரு லீற்றர், தேசிக்காய் மூன்று. மழைத்தண்ணி சேர்த்து வைத்திருந்தால் அதைப் பாவிப்பது இன்னும் நல்லது.

காய்ந்த கொட்டையைக் கல்லில் வைத்து மெதுவாகத் தட்டினால் உள்ளே இருக்கும் கறுத்த விதை கழன்று விழும். விதையில் நுரை இல்லை, தோலை மட்டும் எடுங்கள். அதை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சுருங்கிக் கிடந்த தோல் ஊறிய முந்திரிகைவற்றல் போல உப்பி, தண்ணி தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும்.

ஊறிய தண்ணியோடு அப்படியே அடுப்பில் வையுங்கள். பானை பெரிதாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கொதி வந்ததும் நுரை பொங்கி அடுப்பில் வழியும். அதனால் உடனே நெருப்பைக் குறைத்து இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் தோலைக் கையால் நன்றாகப் பிசையுங்கள். விரல்களுக்கு இடையில் வெள்ளை நுரை திரண்டு வரும். தோல் சக்கையாகும்வரை பிசைந்து, பழைய வேட்டித்துணியில் வடித்து, தேசிக்காய்ச் சாற்றைக் கலந்து போத்தலில் விடுங்கள்.

சட்டி கழுவ, ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி திரவத்துக்கு அதே அளவு தண்ணி சேர்த்து, தென்னந்தும்பில் தொட்டுத் தேயுங்கள். கடைத் திரவம் மாதிரி நுரை குவியாது. நுரை குறைந்தால் அழுக்குப் போகாது என்று நினைக்கப் பழகிவிட்டோம். கழுவிய தட்டை விரலால் தடவிப் பாருங்கள், பிசுக்கு இருக்காது.

மீன் பொரித்த சட்டிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் இது மட்டும் போதாது. முதலில் விறகுச் சாம்பலையோ அரிசித் தவிட்டையோ தூவி எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு சுடுதண்ணியும் திரவமும் விட்டுத் தேயுங்கள். சாம்பல் விறகை எரித்ததாக மட்டும் இருக்கட்டும். குப்பையோ பிளாஸ்டிக்கோ சேர்ந்து எரிந்த சாம்பல் பாத்திரத்தில் படவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டிக்கும் அலுமினியத்துக்கும் சாம்பல் வேண்டாம்.

இந்தத் திரவத்தில் பழுதாகாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லாததால், வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதிகமாகச் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது ஒரு கட்டியை எடுங்கள். கழுவிய தண்ணியை வாழையடிக்கு விடலாம். குளத்திலோ மீன் தொட்டியிலோ மட்டும் ஊற்றாதீர்கள், சப்போனின் மீனுக்கு நஞ்சு. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

கேத்திலிலும் பைப்பிலும் பிடித்த சுண்ணாம்பு

செய்த உடனேயே பலன் தெரிவது இதில்தான். கேத்திலில் பாதி வினாகிரியும் பாதி தண்ணியும் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்புப் படிவில் புளிப்பு பட்டதும் சிறு குமிழிகள் கிளம்பும். அது கரியமிலவாயு, கல் கரைகிறது என்று அர்த்தம். ஊற்றிவிட்டு, வெறும் தண்ணியை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டினால் வாடையும் போய்விடும். கேத்தில் அலுமினியமாக இருந்தால் அரை மணி நேரம் விடாமல் சீக்கிரமே கழுவுங்கள்.

பைப் வாயில் பிடித்த படிவுக்கு, வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தென்னங்கள்ளு வினாகிரிதான் வேண்டும் என்பதில்லை, மலிவான செயற்கை வினாகிரியும் இந்த வேலையைச் செய்யும். நல்லதைச் சமையலுக்கு வைத்திருங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளியும் உப்பும் போதும். தேய்த்து, கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

தேசிக்காய்த் தோலில் தரை துடைக்கும் திரவம்

சாறு பிழிந்த தோலை எறியாமல் சேர்த்து வையுங்கள். தோடம்பழத் தோலும் சேரலாம். அளவு நினைவில் வைக்க இலகுவானது: சர்க்கரை ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணி பத்துப் பங்கு. அதாவது 100 கிராம் சர்க்கரை, 300 கிராம் தோல், ஒரு லீற்றர் தண்ணி.

கண்ணாடிப் போத்தல் கூடாது. உள்ளே வாயு உண்டாவதால் வெடித்துவிடலாம். பிளாஸ்டிக் போத்தலில் முக்கால்வாசி மட்டும் நிரப்பி, முதல் ஒரு மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியே விட்டு மூடுங்கள். மூன்று மாதத்தில் தயாராகும். செய்த திகதியைப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை. கறுப்புப் பூஞ்சணமும் அழுகல் நாற்றமும் வந்தால் பசளைக் குழிக்குள் கொட்டிவிடுங்கள்.

வடித்த திரவத்தில் அரைக் கோப்பையை ஒரு வாளி தண்ணியில் கலந்து மாபிள் பதிக்காத, டைல்ஸ் போட்ட தரையைத் துடைக்கலாம். பழைய வீடுகளில் இருக்கும் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு இது வேண்டவே வேண்டாம். புளிப்பு சீமெந்தையும் சுண்ணக்கல்லையும் அரித்து மினுக்கத்தைக் கெடுத்துவிடும். அந்தத் தரைக்குப் பூந்திக்கொட்டைத் திரவம்தான் ஏற்றது.

அரப்பு

ஷாம்புக்குப் பதிலாகத் தலைக்கு வைப்பது இது. ஒரு கைப்பிடி சீயாக்காய், இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், நறுக்கிய தேசிக்காய் ஒன்று. மூழ்கத் தண்ணி விட்டு அவித்து, ஆறியதும் அரைத்து வடியுங்கள். எண்ணெய் வைத்து முழுகும் நாளில் அப்போதைக்கு அப்போது செய்வதே நல்லது. தேசிக்காயின் புளிப்பு, தலைமயிரில் சுண்ணாம்புப் படிவு தங்காமல் பார்த்துக்கொள்ளும். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள்.

பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தல்

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைப்பது அரிதானபோது, குடாநாட்டில் பலர் உடுப்புத் தோய்த்தது பனம்பழத்தில்தான். அந்தத் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்.

ஆவணியில் பழம் விழத் தொடங்கும். பனங்காய்ப் பணியாரத்துக்கு ஆகாத கைச்சல் பழத்தைத் தோய்ப்புக்கு எடுங்கள். அந்தக் கைப்புக்குக் காரணம் பிளபெலிஃபெரின் என்ற சப்போனின் வகை. நுரையைத் தருவதும் அந்தச் சப்போனின்கள்தான். மேல்தோலை உரித்து, தண்ணி தெளித்துத் தும்போடு பிசைந்தால் செம்மஞ்சள் களி இறங்கும். அதை ஒரு வாளி தண்ணியில் கரைத்து உடுப்பை ஊறவிட்டு, கல்லில் அடித்துத் தோயுங்கள். அலசும்போது கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. களி துணியில் தங்கினால் மஞ்சளாகத் தெரியும். நன்றாக அலசி வெயிலில் போட்டால் அந்த மஞ்சள் மங்கிவிடும்.

வாசனை மட்டும் லேசில் போகாது. கொடியில் காயும் சேலையைக் கட்டாக்காலி மாடு வந்து சப்பும். ஆகவே கொடியை உயரமாகக் கட்டுங்கள். முதலில் துவாய், படங்கு, கால்துடைக்கும் துணி என்று தொடங்குங்கள்; பட்டுச்சேலையில் பரீட்சை வேண்டாம்.

பூச்சி உருண்டைக்குப் பதிலாக, நிழலில் காய்ந்த வேப்பிலையையும் நொச்சியிலையையும் துணியில் முடிந்து அலுமாரியில் வைக்கலாம். சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடுவது ஊர் வழக்கம்தான், ஆனால் மூடிய அறையில் எந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. மாரியில் டெங்கு பரவும் ஊரில் நுளம்பு வலையும், தண்ணி தேங்காத முற்றமும்தான் முதல் காவல்.

கலக்கக் கூடாதவை, கைவிடக் கூடாதவை

வினாகிரியையோ தேசிக்காயையோ குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்குழாயைத் தாக்கும். மலசலகூடத்தில் ஒன்றை ஊற்றிய கையோடு மற்றதை ஊற்றுவதும் கலப்பதுதான்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே போத்தலில் கலந்து வைக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. இறுக மூடினால் போத்தலும் வெடிக்கும். தனித்தனியாகப் பாவித்தால் இரண்டும் நல்ல சாமான்.

ஊமல்கரியில் (பனங்கொட்டைக் கரியில்) பல் தீட்டுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம், கரி உராய்ந்து பல்லின் மேற்பூச்சு தேயும். பற்பசையை வாங்குங்கள்.

வெள்ளம் வந்து கிணற்றுக்குள் வெளித்தண்ணி போனால், வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் துப்புரவாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, கிணற்றின் அகலத்தையும் தண்ணியின் ஆழத்தையும் அளந்து கொடுத்து, எவ்வளவு குளோரின் இட வேண்டும் என்று கேளுங்கள். கிணறு இறைத்துக் குளோரின் இட்டு முடியும்வரை, குடிக்கும் தண்ணியை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.