கேமரன் மலை வீட்டுக்கு விறகுக் கணப்பு: எதை வாங்குவது, எப்படி எரிப்பது

ரிங்லெட், தானா ராத்தா பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ராத்திரியில் 15 டிகிரி வரை இறங்குவது இங்கே சாதாரணம். 1978-இல் 7.8 வரைக்கும் போயிருக்கிறது, நம் மலேசியாவில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை அதுதான். குளிரையாவது ஒரு ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடலாம், ஈரத்தைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. மழை மாதங்களில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது, தலையணை நமுத்துக் கிடக்கும், அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் பூசணம், மூட்டு வலி உள்ள பெரியவர்களும் இழுப்பு வருகிற பிள்ளைகளும் படுகிற பாடு சொல்லி மாளாது. வீட்டில் ஒரு விறகுக் கணப்பு இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. கரி அடுப்பையோ தணல் போட்ட சட்டியையோ படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி புகையாமல் எரிவதால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் நெருப்பு என்றால் மூடிய அடுப்பும் கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயும் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

குளிக்க வெந்நீர் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், மின்சார ஹீட்டர் ஒன்று மாட்டினால் போதும். அதேபோல நீங்கள் இருப்பது தோட்டத்து லயன் வீடு என்றால் அந்த வீடு நிர்வாகத்துடையது, கூரையில் துளை போடும் முன் ஆபீசில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒரே பலகையாக இருக்கும், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். எல்லோரும் கடைக்குப் போனதும் பெரிய அடுப்பைத்தான் பார்ப்பார்கள். நமக்குச் சின்னதுதான் வேண்டும், அதற்குக் கணக்கே இருக்கிறது. பிரிட்டனில் ஓரளவு நன்றாக அடைத்துக் கட்டிய வீடுகளுக்கு, அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்து, வருகிற எண்ணை கிலோவாட்டாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கூடம் 5-க்கு 4 மீட்டர், உயரம் 2.8 என்றால் 56 கன மீட்டர், வகுத்தால் 4 கிலோவாட். ஆனால் அது வெளியே நீர் உறையும் குளிரில் உள்ளே 21 டிகிரி வேண்டும் என்பதற்கான கணக்கு. நமக்கு வெளியே 15, உள்ளே 22 இருந்தால் சொர்க்கம், வித்தியாசம் 7 டிகிரிதான், அவர்களுக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு. நம் பலகைச் சுவர்களிலும் தகரக் கூரையிலும் சூடு ஒழுகுவதற்காக அதை இரண்டு மடங்காக்கினால்கூட 3 கிலோவாட்டைத் தாண்டாது. 8 கிலோவாட் அடுப்பை வாங்கி வைத்தால் அரை மணியில் புழுங்கும், உடனே அடுப்பின் காற்றுத் துளையை அடைப்பீர்கள், விறகு எரியாமல் புகையும், அந்தப் புகை குழாய்க்குள் தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தார் தீப்பிடிக்கும். பெரிய அடுப்பின் கதை இப்படித்தான் முடியும்.

வார்ப்பிரும்பு அடுப்பு மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், தகட்டு அடுப்பு சீக்கிரம் சூடு தரும். மாலையில் மூன்று மணி நேரம் எரிக்கப்போகிற நமக்குத் தகட்டு அடுப்பே போதும், தகடு 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல், உள்ளே தீச்செங்கல் பதித்து, கதவைச் சுற்றித் தீத்தாங்கும் கயிறு வைத்து இறுக்கமாக மூடுவதாக இருக்க வேண்டும். கதவுக் கண்ணாடி செராமிக் கண்ணாடியா என்று கேளுங்கள், சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டைத் தாங்காது. வெல்டிங் பட்டறையில் 'பழைய கேஸ் தோம்பை வெட்டி ஒண்ணு செஞ்சு தரேண்ணே' என்பார்கள், வேண்டாம். தோம்புக்குள் தங்கியிருக்கும் கேஸ் வெட்டும்போதே வெடிக்கலாம். எண்ணெய் டிரம்மும் வேண்டாம், அதன் தகடு மெலிசு, நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டை விழும். இன்னொன்று, இந்த அடுப்புகள் 60 கிலோவுக்கு மேல்கூட இருக்கும், உங்கள் தரை பலகைத் தரை என்றால் அடியில் சட்டம் தாங்குமா என்று தச்சரிடம் காட்டுங்கள். அடுப்புக்கு அடியிலும், கதவுக்கு முன்னால் ஒன்றரை அடி வரைக்கும் சிமெண்ட் பலகையோ ஓடோ போட்டுவிடுங்கள், கங்கு தெறித்து விழுவது அங்கேதான்.

அடுப்பைவிட அதிகக் காசைப் புகைக்குழாய்க்குப் போடுங்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அடுப்பு சுமாராக இருந்தாலும் குழாய் நன்றாக இருந்தால் புகை மேலே போகும். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் குழாய் சரியில்லை என்றால் புகை உங்கள் மூஞ்சிக்குத்தான் வரும். அடுப்பிலிருந்து உச்சி வரைக்கும் நாலரை மீட்டர் உயரம் இருந்தால்தான் இழுவை சரியாக இருக்கும். நேராக மேலே விடுங்கள், வளைவு வேண்டும் என்றால் 45 டிகிரிக்கு மேல் வளைக்காதீர்கள். குழாய் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்று அடியாவது உயர வேண்டும், சுற்றிப் பத்து அடிக்குள் இருக்கும் எதையும்விட, கூரை முகடு உட்பட, இரண்டு அடி அதிகமாக இருக்க வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பலகைக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். கூரையையும் சீலிங்கையும் கடக்கிற இடத்தில் இரட்டைச் சுவர் எவர்சில்வர் குழாயைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள், தீ விபத்து ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகம் பூசிய குழாய் இந்த வேலைக்கு ஆகாது. உச்சியில் மழைத் தொப்பி கட்டாயம், இங்கே பெய்கிற மழைக்கு அது இல்லாவிட்டால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும்.

புது அடுப்பு வந்ததும் முதல் சில முறை சின்ன நெருப்பாகப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெயிண்ட் வாசனை அடங்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

இனி விறகு. மலையில் கணப்பு வைக்கிறவர்கள் தோற்றுப்போவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வெட்டியவுடன் இருக்கும் பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கும். அதில் ஒரு கிலோவை அடுப்பில் போட்டால், உள்ளே இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு உங்களுக்கு. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எரிக்க வேண்டும். ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் 'வெட்டி அடுக்கி வைத்தால் இரண்டு கோடையில் காய்ந்துவிடும்' என்பார்கள், நமக்குக் கோடை எங்கே இருக்கிறது? கேமரன் மலைக் காற்றில் ஈரப்பதம் 85, 90 சதவீதம் என்று நிற்கும், அந்தக் காற்றில் எத்தனை வருஷம் வைத்தாலும் விறகு 18 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால் நம் விறகை இரண்டு கட்டமாகக் காய வைக்க வேண்டும்.

முதல் கட்டம் வெளியே. நம் காய்கறித் தோட்டங்களில் போடுகிறார்களே, அதே தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாகக் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செங்கல்லோ கட்டையோ கொடுத்து அடுக்குங்கள். மழைக்குப் பயந்து கேன்வாஸ் போட்டுச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு, அப்படிச் செய்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே காளான் முளைக்கும். கட்டையை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துதான் அடுக்க வேண்டும், பட்டையோடு உருண்டையாகக் கிடந்தால் தண்ணீர் வெளியேறாது. காய்ந்ததா என்று பார்க்க ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கலாம், வாங்கினால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். மீட்டர் இல்லாவிட்டால் ஒரு தராசு போதும். இன்று வெட்டிய கட்டை ஒன்றை நிறுத்து, அதன் முகத்தில் எடையைச் சாக்பீஸால் எழுதி, அடுக்கின் நடுவில் செருகி வையுங்கள், வாரம் ஒருமுறை உருவி நிறுங்கள். 2 கிலோ இருந்த பச்சைக்கட்டை ஒன்றேகால் கிலோவுக்கு வந்தால் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எடை குறைவது நின்றுபோனால் அதற்கு மேல் வெளியே வைத்துப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது கட்டம் வீட்டுக்குள். அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு வேண்டிய விறகை உள்ளே கொண்டுவந்து அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி அடுக்கி வையுங்கள், இன்றைய நெருப்பு நாளைய விறகைக் காய வைத்துவிடும். அடுப்பின் மேலேயே வைக்காதீர்கள், ஒட்டியும் வைக்காதீர்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் புகைத் தொல்லை தீர்ந்தது.

எந்த மரம் என்று கேட்டால், கிடைத்தால் தேயிலைக் கட்டையை விடாதீர்கள். பழைய செடிகளை வேரோடு பிடுங்கி மறுநடவு செய்யும்போது கிடைக்கும் அடிக்கட்டை கெட்டியானது, நின்று எரியும். கவாத்து வெட்டிய கிளைகளை மண்ணுக்கு உரமாக மலையிலேயே விட்டிருப்பார்கள், நிர்வாகத்திடம் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம். கீழே தாப்பா பக்கம் போய் வருகிறவர்கள் ரப்பர் கட்டை ஏற்றி வரலாம், நல்ல விறகு, ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், வந்த வாரமே பிளந்து அடுக்காவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். மூங்கிலைக் கணு உடையும்படிப் பிளக்காமல் போட்டால் பட்டாசாக வெடிக்கும். காட்டு மரத்தைத் தொடாதீர்கள், 1984 தேசிய வனவியல் சட்டப்படி உரிமம் இல்லாமல் வனக் காப்பகத்தில் வெட்டுவது குற்றம். பெயிண்ட் அடித்த பழைய பலகை, பிளைவுட், பச்சை நிறம் ஏறிய மருந்து பாய்ச்சிய கட்டை, இவை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. அந்த மருந்து பாய்ச்சிய கட்டையில் ஆர்சனிக் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை எரிப்பது பெரிய கொடுமை.

பற்ற வைப்பதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பெரிய கட்டை இரண்டு அடியில், அதன்மேல் விரல் பருமன் சுள்ளி குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் கொஞ்சம் தேங்காய் நார், நடுவில் ஒரு சூடம். மேலே பற்ற வைத்தால் நெருப்பு மெல்லக் கீழே இறங்கும், கீழிருந்து எழும் புகையும் மேலே இருக்கும் தீயிலேயே எரிந்துவிடும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். மழை நாளில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று உட்கார்ந்திருக்கும், அப்போது புகை வீட்டுக்குள் திரும்பும். ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி அடுப்பின் மேல்பக்கத்தில், குழாய் வாய் கிட்டே பிடியுங்கள், உஸ் என்று இழுப்பது காதில் கேட்கும், அப்புறம் சூடத்தைப் பற்ற வையுங்கள். அந்த நேரம் ஜன்னல் ஒன்று விரலளவு திறந்திருக்கட்டும்.

தீ பிடித்ததும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், ஆனால் ஜுவாலை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 யூனிட் அளவுக்குச் சூடு இருக்கிறது, நல்ல அடுப்பு அதில் 3 யூனிட்டை அறைக்குத் தரும், ஆக மணிக்கு ஒரு கிலோ, மாலை மூன்று மணி நேரத்துக்கு 3 கிலோ, மாசத்துக்குச் சுள்ளியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டு மழைக்காலத்துக்கு முன்பே சேமித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கத் தணல் நிற்கட்டும் என்று விறகை அடைத்துக் காற்றை மூடிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எரிந்து தானாக அடங்கட்டும், சூடேறிய அறை நீங்கள் தூங்கும் வரை தாங்கும். குழாய்க்குள் எப்போதாவது ரயில் போவது மாதிரி இரைச்சல் கேட்டால் தார் பற்றிக்கொண்டது என்று அர்த்தம்: காற்றுத் துளையை மூடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், 999-க்கு அடியுங்கள்.

எரிக்கிற மாதங்களில் மாசம் ஒருமுறை குழாயைக் கம்பி பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். உதிர்வது பொடியாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் நீங்கள் எரிப்பது சரி. கறுப்பாகப் பளபளவென்று ஒட்டினால் விறகு காயவில்லை. அடுப்பைப் பயன்படுத்தாத மாதங்களில் சாம்பலை முழுக்க வாரிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சாம்பல் ஈரத்தை இழுத்து அடித் தகட்டை அரித்துவிடும்.

வாரிய சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் போட்டு, வெளியே, பலகையில் படாமல் வையுங்கள், உள்ளே கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். நன்றாக ஆறியதும் தோட்டத்துக்கு உதவும், ஆனால் தேயிலைச் செடிக்குப் போடாதீர்கள், தேயிலை புளிப்பு மண்ணில் வளர்வது, சாம்பல் அதைக் கெடுத்துவிடும். வீட்டுப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்தி இருந்தால் அதற்குக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள், மேலாகத் தூவினால் மறுநாள் மழையோடு போய்விடும்.