ஆலையில் மூடும் காதை ரோட்டில் ஏன் திறந்து விடுகிறோம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போவுக்கு மோட்டாரில் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

ஆலையில் ஈயர் பிளக் இல்லாமல் மிஷின் பக்கம் விடமாட்டார்கள். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம், அதுதான் வரம்பு. ஷிப்ட் முடிந்ததும் பிளக்கைக் கேட் பக்கத்துத் தொட்டியில் போட்டுவிட்டு மோட்டாரை முறுக்குகிறோம். ஆனால் மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் 95 டெசிபெலைத் தாண்டிவிடும். 3 டெசிபெல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணிதான். ஈப்போ போய்ச் சேரவே அரை மணிக்கு மேல் ஆகிறது.

விலை கூடின ஹெல்மெட் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் காற்று சுழன்று எழுப்பும் அந்த உறுமல் தாழ்ந்த சுருதிச் சத்தம். ஹெல்மெட் நுரை அதைப் பெரிதாகத் தடுக்காது. காதுக்குள் பிளக் இருந்தால்தான் அடங்கும்.

ஃபார்மசியில் விற்கும் மஞ்சள், ஆரஞ்சு நுரைப் பிளக்கே போதும். போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கை சுத்தமாக இருக்கட்டும். பிளக்கை விரல் நுனிகளில் சுருக்கம் விழாமல் உருட்டி, ஊதுவத்திக் குச்சி அளவுக்கு ஒல்லியாக்குங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் எடுத்து மறுபடி உருட்டுங்கள். அப்படியே ஓட்டினால் போட்டும் பயனில்லை. எடுக்கும்போது மெல்லத் திருகி எடுங்கள். அழுக்கு ஏறினால் தூக்கிப் போடுங்கள், கழுவ வேண்டாம்.

"பின்னால் லாரி ஹாரன் கேட்காதே அண்ணா" என்று கேட்பார்கள். பிளக் காற்றையும் ஹாரனையும் சேர்த்தே குறைக்கிறது. காற்றின் இரைச்சல் தணிவதால், வேகத்தில் போகும்போது ஹாரன் தெளிவாகவே கேட்கும். ஆனால் இயர்ஃபோன் போட்டுப் பாட்டு கேட்பது வேறு கதை. காற்றை வெல்ல வால்யூமை ஏற்றுவீர்கள், காதுக்கு இரட்டை அடி.

ஹெல்மெட் வைசரை முழுக்க இறக்குங்கள். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறவர்கள் காலர் படபடக்காமல் கழுத்தோடு ஒட்டிவையுங்கள். கப்சாயில், அதாவது சின்ன மோட்டாரில், விண்ட் ஷீல்டு மாட்டியிருந்தால், நேரான, வண்டி இல்லாத ரோட்டில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். சத்தம் குறைந்தால், ஷீல்டு விளிம்பில் கலைந்த காற்றுதான் ஹெல்மெட்டில் மோதுகிறது, உயரத்தை மாற்றுங்கள்.

எங்கள் மாமா வாழ்நாள் முழுக்க மோட்டார் ஓட்டியவர். பேச்சு அவர் காதில் விழுகிறது, ஆனால் 'ச', 'த' எல்லாம் மங்கி, பேரப் பிள்ளை சொல்வது புரியவில்லை. உட்செவியின் நுண்முடிச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. எந்த மருந்தும் அதை மீட்காது.

வீடு வந்த பிறகும் 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தால் காது அடி வாங்கியிருக்கிறது. மறுநாள் காலையும் அது நிற்காவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், காது சோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.