கேம்பர் வேன் கூரை ஒழுகுதா? சீலிங்கை மாத்த அவசரப்படாதீங்க

நீலகிரியில பழைய டிராவலர் வேனை வாங்கி கேம்பரா (உள்ளயே சமைச்சுத் தூங்குற வண்டியா) மாத்தி வச்சிருக்கவங்க மழை ஆரம்பிச்சா போதும், ஒரே புலம்பல்தான். சீலிங்ல மஞ்சக் கறை, துணி தொங்குது, மெத்தை நனையுதுன்னு. உடனே குஷன் கடைக்கு ஓட்டிட்டுப் போய் புது லைனிங் போட்டுட்டு வந்துடறாங்க, அடுத்த மழையில அதுவும் போச்சு. ஒழுகல் ஒரு வேலை, சீலிங் இன்னொரு வேலை. முதல்ல சொன்னது முடியாம ரெண்டாவதைத் தொடவே கூடாது.

சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு நம்புறதுதான் பெரிய தப்பு. தகரத்துக்கு அடியில குறுக்க ஓடுற சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி எங்கயோ போய்தான் கீழ விழும். அதுலயும் நம்ம ஊர்ல வண்டி சமமா நிக்கிற இடமே கம்மி. கோத்தகிரியில தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட வேன்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி சொட்டிக்கிட்டே இருந்துச்சு, ஓட்டை என்னடான்னா பின்னாடி கேரியர் போல்ட்ல, அடியில இருந்த ரப்பர் வாஷர் காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. வண்டி எப்பவும் இறக்கத்தைப் பார்த்து நின்னதால தண்ணி முன்னாடியே ஓடி வந்திருக்கு. அதனால வண்டியைத் திருப்பி ஏத்தத்தைப் பார்த்து நிறுத்திப் பாருங்க, சொட்டு இடம் மாறுச்சுன்னா துப்பு கிடைச்சிடும்.

டெஸ்ட் பண்றப்போ பழைய லைனிங்கை முழுசா கழட்டிடுங்க, ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், இன்னொருத்தர் சாதா ஹோஸ்ல மெதுவா தண்ணி விடணும். கீழ இருந்து மேல, ஒவ்வொரு இடமா, ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம். முதல்லயே உச்சியில ஊத்துனா எல்லா ஜாயிண்ட்லயும் தண்ணி ஓடி எது குற்றவாளின்னே தெரியாது. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன் அடிக்கிறது வேண்டவே வேண்டாம், நல்லா இருக்குற ஜாயிண்ட்டுக்குள்ளயும் தண்ணியை ஏத்தி விட்டுடும். கேரியர் போல்ட், காத்துப் போக கூரையில வச்ச வென்ட் ஓரம், சோலார் பிராக்கெட், மேல இருக்குற சின்ன லைட்டுங்க, முன் கண்ணாடி ரப்பரோட மேல் பக்கம், பெரும்பாலும் இதுல ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கும்.

ஜனவரியில மழையே இல்லாம காலையில சொட்டுதா? அது ஒழுகலே கிடையாது. ராத்திரி மூச்சுக்காத்து, சமைச்ச ஆவி எல்லாம் குளிர்ந்த தகரத்துல பட்டு தண்ணியா மாறுது. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும்! இதுக்குப் போய் கூரை முழுக்க சீலண்ட் (ஓட்டை அடைக்கிற பசை) அப்புனா என்ன பிரயோஜனம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கணும் (மூடி வச்சு சமைக்கிறது உயிருக்கே ஆபத்து, அது தனி).

அடைக்கிற விஷயத்துலதான் கண்டதையும் பண்றாங்க. எம்சீல் கல்லு மாதிரி இறுகிடும், ஆனா குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் பாடி முறுக்கிக் கொடுக்கும், எம்சீல் கொடுக்காது, விரிசல் விட்டுடும். பாத்ரூமுக்கு அடிக்கிற, வினிகர் வாசம் வர்ற சிலிகான் தகரத்தை அரிக்கும், அது மேல பெயிண்ட்டும் ஒட்டாது வேற சீலண்ட்டும் ஒட்டாது, அடுத்து வர்ற டிங்கர் உங்களைத் திட்டிக்கிட்டே பிளேடால சுரண்டணும். தார் ஷீட் ஒட்டுனா அதுக்கு அடியிலயே துரு ஓடும். கேரியர், வென்ட் அடியில பிசுபிசுன்னு ஒட்டுற பியூட்டைல் டேப், வெளி ஜாயிண்ட்டுக்கு காஞ்சாலும் ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்குற எம்எஸ் பாலிமர் சீலண்ட், இது போதும். கண்ணாடி ஒட்டுற பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட்டும் நல்லாத்தான் பிடிக்கும், ஆனா வெயில் பட்டா கெட்டுடும், மேல பெயிண்ட் அடிக்கணும். துருவை சுத்தமா தேய்ச்சு எபாக்ஸி பிரைமர் அடிக்காம எதையும் பூசாதீங்க, வெறும் ரெட் ஆக்சைடு தண்ணியைத் தாங்காது.

நேரமும் முக்கியம். ஊட்டியில காலையில பனி ஈரத்தோட இருக்குற தகரத்துல சீலண்ட் பிடிக்காது, வெயில் ஏறி கூரை காஞ்ச பிறகுதான். சாதாரணமா ஒரு நாளைக்கு மூணு மில்லிமீட்டர் கனம்தான் காயும், குளிர்ல இன்னும் லேட், அதனால ரெண்டு மூணு நாள் வண்டியை எடுக்காதீங்க. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை அக்டோபர் நவம்பர்ல புரட்டி எடுக்கும், கூடலூர் பக்கம் ஜூன்லயே தென்மேற்கு ஆரம்பிச்சிடும், ரெண்டுக்கும் நடுவுல பிப்ரவரி மார்ச்தான் இந்த வேலைக்கு ஏத்த மாசம்.

அடைச்சதும் சீலிங் மூடிடாதீங்க. நல்லதா ஒரு மழை வரட்டும். உள்ள மரச்சட்டம் இருந்தா ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பொதபொதன்னு இறங்குச்சுன்னா அந்தத் துண்டை மாத்தியே ஆகணும். மலையில ஈரம் காயறதுக்கு லேட் ஆகும், சிலர் வண்டியை மேட்டுப்பாளையம் கொண்டு போய் வெயில்ல நிறுத்திட்டு வர்றாங்க, நல்ல ஐடியாதான்.

லைனிங்ல துணிக்குப் பின்னாடி இருக்குற ஃபோம் பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சா திரும்ப ஒட்டுறது வீண், முழுசா தேய்ச்சு எடுத்துட்டு புதுசு போடுங்க. வெள்ளை ஃபெவிகால் ஈரத்துக்கு விட்டுடும், ரப்பர் பசைதான், ரெண்டு பக்கமும் தடவி கையில ஒட்டாத அளவு காஞ்சதும் அமுக்கணும், கதவெல்லாம் திறந்து வச்சு, பக்கத்துல நெருப்பே இல்லாம. எம்டிஎஃப் போர்டு ஈரம் பட்டா ஊதிடும், ஐஎஸ் 710 தர முத்திரை இருக்குற மரைன் பிளை (ஈரம் தாங்குற பிளைவுட்) கொஞ்சம் விலை ஜாஸ்தி ஆனா நிக்கும். குளிரைத் தடுக்க சீலிங்குக்கு மேல வைக்கிற கிளாஸ் வூல், ஸ்பாஞ்சு எல்லாம் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், அதுக்குப் பதிலா தண்ணி குடிக்காத நைட்ரைல் ஃபோமை இடைவெளி இல்லாம தகரத்தோட ஒட்டிடுங்க.

கடைசியா ஸ்க்ரூ நீளத்தை அளந்து வாங்குங்க. நீளமான ஸ்க்ரூ சட்டத்தைத் தாண்டி மேல் தகரத்தையே ஓட்டை போட்டுடும், அப்புறம் மறுபடி ஹோஸைத் தூக்க வேண்டியதுதான்.