பழைய அலாய் வீல் வாங்கும்போது உள் விளிம்பைப் பாருங்கள்

கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழைய அலாய் வீல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முகப்பின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். வளைவு ஒளிந்திருப்பது உள் விளிம்பில். டயரைக் கழற்றிவிட்டு பேலன்சிங் மெஷினில் வெறும் வீலைச் சுற்றவிட்டு, டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் ஆட்டம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. எடை ஒட்டி பேலன்ஸ் செய்தால் வளைவு போய்விடாது. போய்விடும் என்று டயர் விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

1966-ல் போர்ஷே 911 எஸ்ஸுடன் வந்த ஃபுக்ஸ் வீல்கள் அடித்து உருவாக்கியவை (ஃபோர்ஜ்ட்). அந்த வகை வளையும், ஓரளவு நிமிர்த்தலாம். வார்ப்பு வீல் விரிசல் விடும் ரகம். அதனால் நிமிர்த்துவதற்கு முன்னும் பின்னும் சாயம் பூசி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆரக்கால் பக்கமோ போல்ட் துளைப் பக்கமோ விரிசல் தெரிந்தால் வெல்டிங் வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். கண்மூடித்தனமாகச் சூடேற்றினால் அலுமினியம் தன் வலுவை இழந்துவிடும். மெக்னீசியம் வீல் என்றால் அதில் பழக்கமுள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள்.

லேசான மிச்ச ஆட்டம் உள்ள வீலைப் பின்பக்கம் மாட்டினால் ஸ்டியரிங் நடுக்கம் குறையும். அளவு முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால்தான் இது முடியும்.