ஒரு நாள் சாப்பாட்டில் எவ்வளவு ஈயம்? இரட்டைத் தட்டு முறை

சாப்பிடுபவர் தட்டில் எதை வைத்தாலும் அதே அளவு இன்னொரு முறை எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். 24 மணி நேரமும் இதே வேலை. தண்ணீர், காபிக்குத் தனி பாட்டில். அவர் துப்பிய முருங்கைச் சக்கையும் ஒதுக்கிய கறிவேப்பிலையும் டப்பாவிலும் இருக்கக் கூடாது. வயிற்றுக்குள் போனதுதான் கணக்கு. அதிகம் தவறிப்போவது நொறுக்குத் தீனி. நாலு மணி முறுக்கு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை!

எடை போட்டு, அரைத்து, உறைய வையுங்கள். நிக்கல், குரோமியமும் பார்ப்பதென்றால் எவர்சில்வர் பிளேடு வேண்டாம், அதிலிருந்தே கலந்துவிடும்.

சாப்பாடு 1.8 கிலோ, அதில் ஈயம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 36. உடல் எடை 60 கிலோவால் வகுத்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு 0.6 மைக்ரோகிராம். தண்ணீரில் வந்ததையும் இதேபோல் கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஆய்வக அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் பூஜ்யம் போடாதீர்கள். கண்டறியும் வரம்பில், அதாவது ஆய்வகத்தால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவில், பாதியைப் போடுவது வழக்கம்.