பாங்கொக்குக்கு முதல் தடவை போறீங்களா? இறங்கின உடனே முழிக்காம இருக்க

கொழும்பில இருந்து உடுப்பு எடுக்க, சும்மா சுத்திப் பாக்க எண்டு நிறையப் பேர் பாங்கொக் போறாங்கள். பறக்கிறது மூண்டரை மணித்தியாலம் தான், ஆனா அங்க ஒரு போர்டும் வாசிக்க ஏலாது, இங்கிலீஷ்ல கேட்டாலும் சிரிச்சுப் போட்டு போயிடுவாங்கள்.

போக முதல் டிஜிட்டல் அரைவல் கார்ட் ஒன்லைன்ல நிரப்போணும், 2025 மே மாசத்தில இருந்து இது கட்டாயம், இறங்க முந்தின 3 நாளுக்குள்ள செய்யலாம். இதுக்குக் காசு இல்ல, காசு கேக்கிற சைட் வந்தா உடனே மூடுங்கோ. எங்கட தடிச்ச மூண்டு பின் பிளக் அங்க போகாது, புறக்கோட்டையில ஒரு அடப்டர் வாங்குங்கோ. வேப் அடிக்கிற ஆக்கள் அதை வீட்டிலயே வச்சிட்டுப் போங்கோ, அங்க தடை.

சுவர்ணபூமி எயார்போர்ட்டில ரூபா மாத்த அலையாதீங்கோ, கசங்காத டொலர் கொண்டு போய், கீழ்த்தளத்தில ரயில் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில இருக்கிற கவுண்டர்ல மாத்துங்கோ, மேல விட ரேட் நல்லம். அதே ரயில்ல கடைசி ஸ்டேஷன் பயா தாய்க்கு 45 பாத், அங்க டவுனுக்குள்ள ஓடுற பிடிஎஸ் ரயிலுக்கு மாறலாம்.

இனி அட்ரஸ். இது தான் ஆக்களைச் சுத்த விடுறது. வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் லேன் இறங்குற மாதிரி, அங்க பெரிய ரோட்டில இருந்து சோய் சோயா பிரியும், ஒரு பக்கம் முழுக்க ஒற்றை நம்பர், மற்றப் பக்கம் இரட்டை, ஆனா ரெண்டு பக்கமும் நம்பர் ஒரே வேகத்தில ஏறாது. சுகும்வித் ரோட்டில தோங் லோ ஸ்டேஷன்ல இறங்கினா இந்தப் பக்கம் சோய் 55, ரோட்டுக்கு அங்கால சோய் 38! ஹோட்டல் 38ல எண்டா 55ஐப் பாத்து, ஐயோ இன்னும் எவ்வளவு தூரம் எண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு வெளிக்கிடாதீங்கோ, ரோட்டைக் கடந்தாச் சரி. ஹோட்டல் பேரையும் அட்ரஸையும் தாய் எழுத்தில ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, டாக்ஸிக்காரனுக்குக் காட்டலாம்.

டாக்ஸி மீட்டர் 35 பாத்தில தொடங்கும். மீட்டர் போட மாட்டன் எண்டா சண்டை பிடிக்காம இறங்கி கிராப் ஆப்பில வாகனம் போடுங்கோ. கிராண்ட் பேலஸ் வாசலுக்கிட்ட நல்ல உடுப்புப் போட்ட ஒரு ஆள் தானா வந்து "இண்டைக்கு மூடியிருக்கு, துக்துக்ல மலிவா வேற கோயில் காட்டுறன்" எண்டு கதைப்பார். பேலஸ் திறந்து தான் இருக்கும், துக்துக் போய் நிக்கிறது கல்லுக் கடையில. இரத்தினபுரி இருக்கிற நாட்டில இருந்து போய் அங்க மாணிக்கம் வாங்கினா என்னத்தைச் சொல்ல.

காரம் எங்களுக்குப் பிரச்சினை இல்ல. மரக்கறி தான் பிரச்சினை, ஏனெண்டா கீரை வதக்கினாலும் மீன் சோஸ் விடுவாங்கள். மஞ்சள் கொடியில சிவப்பா ஒரு தாய் எழுத்துப் போட்ட கடை தேடுங்கோ, அது "ஜே" கடை, முட்டை பால் கூட இல்ல, வெங்காயம் உள்ளியும் போட மாட்டாங்கள், விரதக்காரருக்கு இதை விட என்ன வேணும். வெள்ளிக்கிழமை கோயில் வேணும் எண்டா சீலோம் ரோட்டில மாரியம்மன் கோயில் இருக்கு, தமிழ் ஆக்கள் கட்டினது, இப்ப தாய் ஆக்கள் தான் பூத்தட்டோட கூட. டாக்ஸிக்காரனிட்ட அந்தக் கோயிலுக்கு "வட் கேக்" எண்டு சொல்லுங்கோ.

காலமை 8 மணிக்கும் பின்னேரம் 6 மணிக்கும் ஸ்டேஷன்ல எல்லாரும் திடீரெண்டு அசையாம நிப்பாங்கள், தேசிய கீதம் போகுது, நீங்களும் நில்லுங்கோ.

உடுப்பு எடுக்கிற ஆக்களுக்கு: பிரத்துனாம் பிளாட்டினம் மோல்ல கன கடைகள்ல 3 எடுத்தா மொத்த விலை, கலர் கலந்து தருவீங்களா எண்டு கேளுங்கோ. திரும்பி வரேக்க பின்னேர டிரஃபிக்ல டாக்ஸியை நம்பாதீங்கோ, பிரத்துனாமுக்குக் கிட்ட ராட்சப்ரரோப் எண்டு அதே எயார்போர்ட் ரயில்ட ஸ்டேஷன் இருக்கு, அங்க ஏறினா நேர எயார்போர்ட்.